பழைய நல்ல பேரை வரவு வைக்காத வரைபடம்

[திரையில்: வரிசையாக 104 வெள்ளை வட்டங்கள்]

லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் இடம் மாறிப் பிறந்த பச்சைக் குழந்தைகளுக்கு, அவற்றை வெட்டிச் சரியான இடத்தில் தைக்கும் அறுவை சிகிச்சை. மருத்துவர் மார்க் டி லெவால் செய்த அறுவைகள்தான் இந்த 104 வட்டங்கள். முதல் 52 குழந்தைகளில் இறந்தது ஒரே ஒரு குழந்தை.

[53 முதல் 68 வரை ஏழு வட்டங்கள் கறுப்பாகின்றன]

அடுத்த 16 குழந்தைகளில் ஏழு பேர் இறந்துவிட்டார்கள்.

இது வெறும் கெட்ட நேரமா, இல்லை கைப்பழக்கத்தில் ஏதோ பிசகிவிட்டதா? எத்தனையாவது குழந்தையிலேயே இந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்? இதற்கு உதவும் கணக்கு 1954லேயே போட்டாகிவிட்டது. போட்டவர் கேம்பிரிட்ஜில் இருந்த யூவன் பேஜ் என்ற இளம் புள்ளியியலாளர். அப்போது அவர் மனத்தில் இருந்தது தொழிற்சாலைப் பொருட்களின் சோதனை.

அதற்கும் முன்பே, 1924இல், அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு அளவீடும் ஒரு புள்ளி. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. புள்ளி கோட்டைத் தாண்டினால் என்னவென்று பார். திடீரென்று பெரிதாகக் கெட்டுப்போனால் அது உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக நழுவினால்? ஒவ்வொரு புள்ளியும் கோட்டுக்குள்ளேயே நிற்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பேஜ் என்ன செய்தார் என்பதை ஒரு மருந்து கவுன்டரில் வைத்துப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். காத்திருக்கும் நேரம் சராசரியாக 10 நிமிடம் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் தள்ளுபடி. ஆக, 11க்கு மேல் போவதை நோட்டில் கூட்டிக்கொண்டே வருவோம், 11க்குக் கீழே போனால் அதைக் கழிப்போம்.

[கை ஒன்று நோட்டில் எழுதுகிறது]

திங்கள் 12 நிமிடம். நோட்டில் 1. செவ்வாய் 9 நிமிடம். இரண்டைக் கழித்தால் மைனஸ் ஒன்று வரும். அப்படி எழுதக் கூடாது, பூஜ்யம் என்று எழுத வேண்டும். புதன் 13, நோட்டில் 2. வியாழன் 12, மொத்தம் 3. வெள்ளி 12, மொத்தம் 4. சனி 13, மொத்தம் 6. எச்சரிக்கை எல்லை 5 என்று வைத்திருந்தால், சனிக்கிழமை மணி அடித்துவிடும். 13 நிமிடம் என்பதைத் தனியாகப் பார்த்தால் யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. இந்தத் திரள் கூட்டலைத்தான் கியூசம் என்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை எழுதிய அந்தப் பூஜ்யத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எனக்கு இந்த முறையில் மிகப் பிடித்த இடம் அதுதான். நல்ல நாள் பழைய பாக்கியை அடைக்கும், ஆனால் முன்பணமாக வரவு ஆகாது. ஆகியிருந்தால், டி லெவாலின் முதல் 52 அறுவைகள் சேர்த்து வைத்த நல்ல பேர், அடுத்து வந்த இறப்புகளை வெகு நேரம் மூடி மறைத்திருக்கும்.

அவர் மறைக்கவில்லை. வேறொரு மருத்துவரிடம் போய் மறுபடி பயிற்சி எடுத்தார். அப்புறம் தன் இறப்புக் கணக்கைத் தானே கியூசம் போட்டு அலசி, 1994இல் சக மருத்துவர்களோடு ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். மயிரிழையில் பிழைத்த குழந்தைகளையும் எண்ணியிருந்தால் இன்னும் முன்பே தெரிந்திருக்கும் என்பது அதில் கிடைத்த பாடம். தன் கையால் நேர்ந்ததை இப்படிப் பொதுவில் வைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

சரி, எல்லா நோயாளியும் ஒன்றா? இல்லையே. உடல் தளர்ந்து வந்த முதியவர் இறப்பதும், திடமாக வந்தவர் இறப்பதும் நோட்டில் ஒரே அளவாக ஏறினால், சிக்கலான நோயாளியை ஏற்கவே மருத்துவர்கள் தயங்குவார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஸ்டைனரும் கூட்டாளிகளும் 2000இல் இதற்கு வழி சொன்னார்கள். ஒவ்வொருவரின் ஆபத்து அளவையும் முன்கூட்டியே கணித்து, அதற்கேற்பக் கூட்டு.

அதே ஆண்டு ஜனவரியில், மான்செஸ்டருக்கு அருகே ஹைட் நகரில் குடும்ப மருத்துவராக இருந்த ஹெரால்ட் ஷிப்மன் 15 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டார். பிறகு நடந்த விசாரணை, அவர் கொன்றவர்கள் 215 பேர் என்று கண்டறிந்தது. ஊரே நம்பிய டாக்டர். பிரிட்டிஷ் புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்ட்டரும் மற்றவர்களும் கியூசமுக்கு நெருங்கிய உறவான ஒரு முறையில் அவருடைய நோயாளிகளின் இறப்புகளைக் கணக்கிட்டார்கள். யாராவது இப்படிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால், 1980களின் நடுவிலேயே மணி அடித்திருக்கும்.

[திரையில்: பல மருத்துவர்களின் கோடுகள், சில எல்லையைத் தாண்டுகின்றன]

ஆனால் மணி அடித்தாலே குற்றம் என்று ஆகாது. எல்லையைத் தாழ்த்தினால் பொய் எச்சரிக்கை கூடும், உயர்த்தினால் உண்மையான எச்சரிக்கை தாமதமாகும். சராசரியாக எத்தனை அளவீடுகளுக்கு ஒரு முறை மணி அடிக்கும் என்பதையும் பேஜ் அதே 1954 கட்டுரையில் கணக்கிட்டுக் காட்டினார். ஷிப்மனுக்குப் பிறகு மற்றக் குடும்ப மருத்துவர்களின் இறப்புக் கணக்குகளையும் சோதனையாக இப்படிப் பார்த்தபோது, சிலருடைய கோடும் எல்லையைத் தாண்டியது. விசாரித்தால், முதியோர் இல்லங்களில் கடைசி நாட்களில் இருந்தவர்களை அவர்கள் அதிகம் கவனித்து வந்தது தெரிந்தது.