வாசல் வரை வந்து நிற்கும் ஒரு பாட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

விடுதலையைப் பற்றிய ராக் பாடல்கள் என்றால் பெரும்பாலும் நீண்ட சாலை வரும், மோட்டார் சைக்கிள் வரும், யாருக்கும் கட்டுப்படாத ஓர் ஆண் வருவான். இன்று நான் பேச வந்திருக்கும் பாட்டில் இவை எதுவும் கிடையாது. இங்கிலாந்தின் குயீன் குழு 1984இல் வெளியிட்ட ‘ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ’ அது. ‘நான் விடுபட வேண்டும்’ என்று அர்த்தம். அதில் இருப்பது ஒரு கதவும், கிளம்பலாமா வேண்டாமா என்று தவிக்கும் ஒரு மனசும்தான். அந்தத் தவிப்புக்காகவே இந்தப் பாட்டு எனக்கு மற்றவற்றைவிட உண்மையானதாகப் படுகிறது.

பாடியவர் ஃப்ரெடி மெர்க்குரி. எழுதியவர் அவர் இல்லை. குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஜான் டீக்கன். மேடையில் அதிகம் பேசாதவர். மின்னணுவியல் படித்தவர். குப்பையில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து வந்து சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் செய்தார். கிட்டார் கலைஞர் பிரையன் மே அதைப் பல ஒலிப்பதிவுகளில் பயன்படுத்தினார். அப்படி அடக்கமாக இருந்தவர்தான் இந்தப் பாட்டை எழுதினார்.

வரிகளைக் கவனித்தால் முதலில் வருவது கோபம். உன் பொய்கள் போதும், நீ எனக்குத் தேவையில்லை என்கிறார். அடுத்த சரணத்திலேயே காதலில் விழுந்துவிடுகிறார். இந்த முறை இது நிஜம் என்று சொல்கிறார். அப்புறம் பயம் வருகிறது: கதவைத் தாண்டும்போது மனசில் உறுதி இருக்க வேண்டுமே! கடைசியில், நீ இல்லாமல் வாழப் பழகவில்லை, தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லியே விடுகிறார். போகவும் வேண்டும், துணையும் வேண்டும். ஒரு வீட்டையோ உறவையோ விட்டுக் கிளம்பியவர்கள் யாரைக் கேட்டாலும், இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நெஞ்சில் இருந்ததைச் சொல்வார்கள். அந்த ‘நீ’ யார் என்று பாட்டு கடைசி வரை சொல்வதில்லை. கேட்கிறவர் தன் கதையை அதில் வைத்துக்கொள்ளலாம்.

அப்படி முதலில் வைத்துக்கொண்டது குயீன் குழுவேதான். டேவிட் மாலட் இயக்கிய வீடியோவில் நால்வரும் பெண் வேடத்தில் வருகிறார்கள். பிரிட்டனில் 1960 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ‘காரனேஷன் ஸ்ட்ரீட்’ என்ற தொலைக்காட்சித் தொடரைக் கேலி செய்யும் காட்சிகள் அவை. பிரையன் மே தலைமுடியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு இரவு உடையில் திரிகிறார். டிரம்ஸ் வாசிக்கும் ராஜர் டெய்லர் பள்ளி மாணவி. ஜான் டீக்கன் பேப்பர் படிக்கும் பாட்டி. ஃப்ரெடி குட்டைத் தோல் பாவாடை போட்டு, முகத்தில் அந்தப் பிரபலமான மீசையோடு, வாக்குவம் க்ளீனரைத் தள்ளிக்கொண்டு வீட்டைச் சுத்தம் செய்கிறார். சிரிப்புக் காட்சிதான். ஆனால் இங்கிருந்து வெளியேற வேண்டும் என்ற வார்த்தை, வீட்டு வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வருகிறது. அந்த இடத்தில் பாட்டின் அர்த்தமே கனத்துப்போகிறது.

பிரிட்டனில் மக்கள் ரசித்துச் சிரித்தார்கள். தரவரிசைப் பட்டியலில் பாட்டு மூன்றாம் இடம் வரை ஏறியது. அமெரிக்காவில் அந்த வேடம் எடுபடவில்லை. எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி வீடியோவை ஒதுக்கியது, பாட்டு 45ஆம் இடத்தோடு நின்றது. 1982க்குப் பிறகு ஃப்ரெடி இருந்த வரை அந்தக் குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போகவே இல்லை.

ஃப்ரெடியின் வாழ்க்கையையும் பலர் இந்தப் பாட்டில் கேட்கிறார்கள். ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில் ஒரு பார்சி குடும்பத்தில் ஃபரூக் புல்சாராவாகப் பிறந்தவர், நம் மகாராஷ்டிரத்துப் பஞ்சகனியில் பள்ளிப்படிப்பு, சான்சிபாரில் நடந்த 1964 புரட்சிக்குப் பின் குடும்பத்தோடு இங்கிலாந்து. தன் அந்தரங்கத்தைப் பற்றி அவர் வெளிப்படையாக அதிகம் பேசியதில்லை. ஒரே பாலினத்தவரை நேசிக்கும் எத்தனையோ பேர் இந்தப் பாட்டைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். அந்த உரிமை அவர்களுக்கு உண்டு.

பிரேசிலுக்கு வருவோம். 1964 முதல் ராணுவ ஆட்சி. 1985 ஜனவரியில், குயீன் குழு பாடிய ராக் இன் ரியோ இசை விழா நடந்துகொண்டிருந்த அதே நாட்களில்தான், ராணுவத்தைச் சேராத ஒருவர் அங்கே அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த மக்களுக்கு இது அரசியல் பாட்டு. ஃப்ரெடி வீடியோவில் வருவது போலப் பெண் வேடத்தோடு மேடைக்கு வந்தபோது கூட்டத்திலிருந்து பொருட்கள் பறந்து வந்தன. தங்கள் விடுதலைப் பாட்டைக் கேலியாக்குகிறார் என்று அவர்கள் கொதித்ததாகச் சொல்வார்கள்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது தென்னாப்பிரிக்கா. இனவொதுக்கல் ஆட்சியோடு கலைத்தொடர்பு கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை கேட்டுக்கொண்டிருந்த காலம். குயீன் குழுவோ 1984 அக்டோபரில் அங்கிருந்த சன் சிட்டி என்ற உல்லாச விடுதிக்குப் போய்ப் பாடியது. பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் அவர்களுக்கு அபராதம் போட்டது. எங்களுக்கு அரசியல் இல்லை என்றார்கள். விடுதலையைப் பாடுகிறவர்கள் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. அது தவறான பயணம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இதே பாட்டை இனவொதுக்கலுக்கு எதிராக நின்றவர்கள் தங்கள் போராட்டப் பாட்டாக்கிக்கொண்டார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. குழு தடுமாறிய இடத்தில் பாட்டு சரியான ஆட்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இப்போது பாட்டைக் கேட்கப் போகிறீர்கள். நடுவில் வரும் தனி வாசிப்பைக் கிட்டார் என்று பலர் நினைப்பதுண்டு. அது ஃப்ரெட் மாண்டல் என்ற கனடியர் வாசித்த சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி. எழுபதுகளில் இந்தக் குழு, எங்கள் ஆல்பத்தில் சின்தசைசரே இல்லை என்று உறையில் பெருமையாக அச்சடித்தது. அந்தக் கட்டையும் இங்கே அவிழ்த்துவிட்டார்கள். அது முடிந்ததும் ஃப்ரெடியின் குரல் திரும்ப வரும். தனியாக வாழ விருப்பமில்லை என்று அவர் சொல்வது அங்கேதான், கவனித்துக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.