ஒளிரும் உலோகமும் பூட்டிய ஆய்வுகூடமும்

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் அதிபர்களே, பேராசிரியப் பெருமக்களே, காலி வீதி நெரிசலைத் தாண்டி வெள்ளவத்தைக்கு வந்திருக்கும் பெற்றோரே, மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய ஐயாவுக்கும் வரவேற்புரை நிகழ்த்திய தங்கைக்கும் என் நன்றி.

உயிர் மூலக்கூறுகளைக் காட்டிக்கொடுக்கும் ஒளிரும் உலோகச் சிக்கல்கள், அதாவது நடுவில் ஓர் உலோகமும் அதைச் சுற்றி வேறு மூலக்கூறுகளும் பிணைந்த சேர்வைகள் பற்றி மூன்று விடயம் சொல்ல வந்தேன்: டி.என்.ஏ., ஒட்சிசன், இரத்தப் பரிசோதனை.

1990இல் அமெரிக்காவில் ஜாக்குலின் பார்ட்டன் குழுவினர் ஆராய்ந்த, ருத்தேனியம் என்ற உலோகத்தின் சிக்கல் ஒன்று, வெறும் தண்ணீரில் ஒளிர்வதில்லை. டி.என்.ஏ.யைச் சேர்த்தால் பளிச்சென்று ஒளிர்கிறது. அதன் தட்டையான பகுதி டி.என்.ஏ. என்ற முறுக்கேணியின் படிகளுக்கிடையே புகுந்துகொள்கிறது. ஒளியை அணைக்கும் தண்ணீர் அங்கே அதை எட்டாது. யூரோப்பியம் என்ற இன்னோர் உலோகத்தின் கெட்டித்தனம் வேறு. உயிர்ப்பொருள்களின் இயல்பான ஒளிர்வு நனோ செக்கனில், அதாவது செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் அடங்கிவிடும். யூரோப்பியம் மில்லி செக்கன், அதாவது செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒளிரும். தேடும் பொருளோடு அதை ஒட்டிவிட்டுச் சற்றுப் பொறுத்து அளந்தால் போதும், தேடியது மட்டும் தெரியும்.

இதைக் காட்ட, செட்டியார் தெரு நகைக்கடை நண்பர் ஒருவரிடம் நோட்டுப் பார்க்கும் புறஊதா விளக்கை இரவல் வாங்கினேன். "கள்ள நோட்டு ஏதும் வந்திட்டுதோ, சேர்?" என்று பதறிவிட்டார் மனிதர். விளக்கோடு உயர்தர வகுப்புக்குப் போனேன். குப்பியில் யூரோப்பியச் சிக்கல், பார்வைக்குக் கோதுமை மா. ஜன்னல்களைச் சாத்தி விளக்கைப் பிடித்தேன். செக்கச்சிவப்பு! வகுப்பே "ஆ" என்றது. முதல் வரிசைப் பையன், இரசாயனவியலில் எப்போதும் முதலாவது, இலத்திரன் நிலையமைப்பை மூச்சுவிடாமல் ஒப்பிப்பவன், கையை நீட்டிவிட்டுப் பின்னுக்கு இழுத்தான். "சேர், குப்பியைப் பிடிக்கலாமா?" என்றான். ஆய்வுகூடத்தில் ஒரு சோதனைக்குழாயைக்கூட அவன் பிடித்ததில்லையாம். ஆய்வுகூடம் இருக்கிறது, ஆனால் பூட்டியிருக்கிறது.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்கிறோம். இரசாயனம் மட்டும் கடதாசிப் பழக்கமா? அமெரிக்க மிஷனரி மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்தார். மொழி அன்றே தடையாக இருக்கவில்லை. இன்று தடை அந்தப் பூட்டுத்தான்.

ஒட்சிசனுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் நேரம் போதாது. தலைவர் மணியைப் பார்க்கிறார். சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். சித்திரமும் கைப்பழக்கம், அதிபர்களே! சனிக்கிழமை காலையில் ஆய்வுகூடத்தைத் திறந்துவிடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள் சம்பளமில்லாமல் வந்து நிற்போம். வாசலில் பதிவேடு இருக்கிறது. பாடசாலையின் பெயரை எழுதிவிட்டுத் தேநீருக்குப் போங்கள்.