எலுமிச்சைக்கு உரிய இடம் அடுக்களையே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஆயுர்வேதம் போற்றும் எலுமிச்சைக்கும் நாரத்தைக்கும் உரிய இடம் மருந்துப் பெட்டியா, அடுக்களையா? இதுதான் தலைப்பு. அடுக்களையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் மூன்று சான்றுகளை வைத்துவிட்டுப் போனார். முதலாவது, மாதுலுங்கத்தை, அதாவது நம் கடாரங்காய்க்கு நெருங்கிய சொந்தத்தை, நெஞ்சுக்கு இதமான பத்துப் பொருள்களில் ஒன்றாக ஆயுர்வேத ஆசான் சரகர் சொல்லியிருக்கிறார் என்பது. உண்மைதான். ஆனால் மிச்சப் பெயர்களையும் தோழர் வாசித்திருக்க வேண்டாமா? மா இருக்கிறது, களா இருக்கிறது, இலந்தை இருக்கிறது, மாதுளை இருக்கிறது. ஐயா, இது மருந்துக்கடைச் சீட்டா, ஊறுகாய் போடுகிறவர் சந்தைக்கு எடுத்துப்போகும் சீட்டா?

இரண்டாவது, 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைவால் வரும் நோய், கண்ட மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துத் தேற்றிய கதை. அருமையான கதை, பாதியில் நிறுத்திவிட்டார். மாலுமிகள் தேறியது பழத்தைப் பழமாகத் தின்றதால். அதற்குப் பிறகு லிண்ட் என்ன செய்தார்? நெடும்பயணத்துக்குக் கெடாமல் இருக்கட்டும் என்று சாற்றைச் சூடேற்றி வற்றவைத்துப் புட்டியில் அடைக்கச் சொன்னார். சூட்டில் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விட்டது. அதாவது பழம் மருந்துப் புட்டிக்குள் நுழைந்ததும் மருந்தே தொலைந்துபோனது! எலுமிச்சை ரசம் வைக்கும் எந்த அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள். "அடுப்பை அணைச்சிட்டுப் பிழிடா, இல்லேன்னா கசந்துடும்" என்பார். வைட்டமின் என்ற சொல்லே இல்லாத காலத்திலிருந்து வரும் கைப்பக்குவம் அது.

மூன்றாவதுதான் பெரிய வேடிக்கை. காலையில் வெறும் வயிற்றில் வெந்நீர், எலுமிச்சை, தேன். இதற்கு ஆயுர்வேதம் என்று பெயர் வேறு. தேனைச் சூடாக்காதே, சூடானதோடு சேர்க்காதே என்று எச்சரிக்கிறது வாக்படர் எழுதிய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம். புளிப்பு பசியைத் தூண்டும், வாதத்தைத் தணிக்கும், ஆனால் பித்தத்தை ஏற்றும் என்பதும் ஆயுர்வேதத்தின் அரிச்சுவடி. என் மைத்துனர் மூன்று மாதம் விடாமல் குடித்தார். எடை குறைந்ததோ இல்லையோ, நெஞ்செரிச்சல் குடிவந்தது. பச்சைத் தண்ணீர் பட்டாலே பல் கூசியது. இதே மனிதர் மதியம் எலுமிச்சை சாதம் இரண்டு தட்டு சாப்பிடுவார், ஒன்றும் செய்யாது. அங்கே சோறு இருக்கிறது, நல்லெண்ணெய் இருக்கிறது, கடலைப்பருப்பு, பெருங்காயம், மஞ்சள் எல்லாம் சுற்றி நின்று புளிப்பின் கையைப் பிடித்துக்கொள்கின்றன. காலையிலோ அது தனியாக வந்து குடலைத் தட்டுகிறது.

நடுவர் அவர்களே, ஆயுர்வேதம் ஒரு பழத்தை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. மாதுலுங்கத்தின் தோலுக்கு ஒரு குணம், சதைக்கு ஒரு குணம், உள்ளே இருக்கும் சாற்று முத்துகளுக்கு ஒரு குணம் என்று பிரித்துச் சொல்கிறார் வாக்படர். இந்தப் பாகப்பிரிவினையை மாத்திரைக்குள் எப்படி அடைப்பது? என் பாட்டி நாரத்தங்காய் நறுக்கும் திண்ணைக்கு வாருங்கள். காயைத் துண்டாக்க மாட்டார். அறுந்துவிடாமல் சுருளாகச் சுற்றிச் சுற்றி அரிவார். இழுத்தால் வளையல் அடுக்கு மாதிரி நீளும். மடிப்புக்கு மடிப்பு கல்லுப்பைத் திணித்து, மூடி, பீங்கான் ஜாடியில் போடுவார். பகலில் வெயில், இரவில் மறுபடி அதே உப்புநீர். வாரங்கள் போனால் தோல் கறுத்து, மேலே உப்புப் பூத்துக் கிடக்கும். காய்ச்சல் விட்டு நாக்கு செத்துக் கிடப்பவருக்கு அதில் நகமளவு போதும், கஞ்சி இறங்கும்.

இலையைக்கூட விட்டார்களா? நாரத்தை இலையையும் எலுமிச்சை இலையையும் நரம்பு நீக்கி, மிளகாய், ஓமம், பெருங்காயம், உப்பு சேர்த்து இடித்து உருட்டினால் வேப்பிலைக்கட்டி. பெயரில்தான் வேப்பிலை, உள்ளே ஒரு இலை கிடையாது. (அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று பட்டிமன்றம் வைத்தால் அதற்கும் வருகிறேன்.) பானகத்தைப் பாருங்கள், எலுமிச்சை பித்தத்தை ஏற்றுமே என்று கூடவே வெல்லத்தைக் கரைத்துவிட்டார்கள்.

பாலோடு புளிப்புப் பழம் சேராது என்கிறார் சரகர். நம் வீட்டில் பால் சோற்றுக்கு யாராவது நாரத்தங்காய் வைத்ததுண்டா? தயிர் சாதத்துக்குத்தான் வைப்பார்கள். சமஸ்கிருதம் படித்தா வைத்தார்கள்?

மணி அடித்துவிட்டார்கள், இதோ முடிக்கிறேன். எதிரணித் தலைவர் அடுத்துப் பேச வருகிறார். மேடை ஏறுவதற்கு முன் பின்பக்கத்தில் எங்களுக்கெல்லாம் தயிர் சாதம் கொடுத்தார்கள். அவர் இலையின் ஓரத்தில் இரண்டு முறை கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது என்ன என்று நடுவர் அவர்களே, நீங்களே கேட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.