கிசுமு சந்தையில் நல்வேளைக் கீரை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரையில் கிசுமு என்றொரு நகரம் இருக்கிறது. அங்குள்ள கிபுயே சந்தையின் கீரைப் பக்கம் போனால் நம்மவர்களுக்கு அந்நியமாகவே இருக்காது. நம் மணத்தக்காளிக்குப் பங்காளி முறையான கீரை கட்டுக் கட்டாகக் கிடக்கும். தண்டுக்கீரை இனம் இருக்கும். தட்டைப்பயற்றின் கொழுந்து இலை இருக்கும். நாம் பெரும்பாலும் பயற்றோடு நின்றுவிடுகிறோம், அவர்கள் இலையையும் விடுவதில்லை. இவற்றுக்கு நடுவே, விரல் விரித்தாற்போல ஐந்து இலை சேர்ந்த ஒரு செடியும் விற்பனைக்கு இருக்கும். நம் ஊர் வரப்பிலும் குப்பை மேட்டிலும் வெள்ளைப் பூவோடு தானாக முளைக்கிற நல்வேளைதான் அது. கிசி மக்கள் அதைச் சின்சாகா என்கிறார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று அதைச் சமைத்துக் கொடுப்பது அவர்களிடம் பழைய வழக்கம்.

இந்தக் கீரைகளுக்குச் சந்தையில் முன்பெல்லாம் இந்த மதிப்பு இருந்ததில்லை. வெள்ளையர் ஆட்சியில் மக்காச்சோளமும் முட்டைக்கோசும் பரட்டைக்கீரையும் பரவின. தட்டில் உகாலி என்ற மக்காச்சோளக் களி, தொட்டுக்கொள்ளப் பரட்டைக்கீரை. நாட்டுக் கீரை என்றால் ஏழை வீட்டுச் சாப்பாடு. சங்கப் பாட்டில் ஒரு பாணர் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு பரிமாறுவாளே, அந்த வெட்கம் அங்கும் இருந்தது. விவசாயக் கல்வியிலோ இவற்றில் பலவற்றைப் பிடுங்கிப் போட வேண்டிய களை என்றே கற்பித்தார்கள்.

இதை மாற்ற உழைத்தவர்களில் முக்கியமானவர் மேரி அபுகுட்சா ஒன்யாங்கோ. ஜோமோ கென்யாட்டா வேளாண் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைப் பேராசிரியர். சிறு வயதில் அவருக்கு இறைச்சி, முட்டை, பால், மீன் எதுவுமே ஒத்துக்கொள்ளாது. கைகொடுத்தது வீட்டுக் கீரைதான். வளர்ந்த பிறகு அந்தக் கீரைகளையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 2010இல் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் குவாமே நுக்ருமா அறிவியல் விருது அவருக்குக் கிடைத்தது.

அவருடைய வேலை சத்துப் பட்டியல் போடுவதோடு நிற்கவில்லை. விதைப் பிரச்சினை இருந்தது. பெண்கள் தங்கள் செடியிலிருந்தே விதை எடுத்து வைத்துக்கொள்வார்கள். விதைத்தால் பாதி முளைக்காது. நல்வேளை விதைக்கு உறக்கம் வேறு உண்டு. பறித்த கையோடு போட்டால் சரியாக வராது, சில மாதம் கிடந்தால்தான் முளைக்கும். மணத்தக்காளி விதையைப் பழச் சதையிலிருந்து கழுவிப் பிரித்து உலர்த்த வேண்டும். இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களைச் சரிசெய்து, நல்ல விதையை விவசாயிகள் கையில் சேர்ப்பதுதான் ஆய்வின் பெரும்பகுதி. செய்தித்தாளில் வராத பகுதியும் அதுதான்! தான்சானியாவின் அருஷாவிலும் உலகக் காய்கறி மையத்தின் கிளை ஒன்று ஆப்பிரிக்கக் காய்கறி விதைகளைத் திரட்டி, நல்ல ரகங்களைத் தேர்ந்தெடுத்து வருகிறது.

விதைத்த மூன்று நான்கு வாரத்தில் தண்டுக்கீரையைக் கிள்ள ஆரம்பிக்கலாம். மக்காச்சோளத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழைய தானியம் தீர்ந்து புதிய அறுவடை வராத அந்த இடைவெளியில்தான் குழந்தைகள் மெலிந்து போகிறார்கள். அப்போது கொல்லையில் நாலு பாத்தி கீரை இருந்தால் அது பெரிய விஷயம்.

அப்புறம் சமையல். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. லுஹ்யா இனப் பெண்கள் அவரை, பீன்ஸ் தொலிகளைக் காயவைத்து எரித்துச் சாம்பலாக்குவார்கள். அடியில் துளையிட்ட பாத்திரத்தில் சாம்பலைப் போட்டு மேலே தண்ணீர் ஊற்றினால், கீழே பழுப்பு நிறத்தில் நீர் சொட்டும். அதில் கொஞ்சம் விட்டால் முரட்டுத் தட்டைப்பயற்று இலைகூடப் பஞ்சு போல வெந்துவிடும். கசப்பான கீரை என்றால் வேகவைத்த பிறகு பால் ஊற்றி வைத்து, மறுநாள் சூடாக்கிச் சாப்பிடுவதும் உண்டு.

இதில் எது நல்லது, எது நட்டம்? பால் நல்லது. கீரையிலிருந்து வைட்டமின் ஏ உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். பாலாடையோ நிலக்கடலையோ அந்த வேலையைச் செய்துவிடும். சாம்பல் நீரில் காரத்தன்மை இருப்பதால் வைட்டமின் சி சிதையும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் இன்னும் போகும். ஆனால் கசப்பு போகாவிட்டால் குழந்தை வாயிலேயே வைக்காதே! ஆகவே கொட்டாதே என்று அறிவுரை சொல்வது சுலபம், அடுப்படியில் நிற்பவருக்குத்தான் கஷ்டம் தெரியும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தக் கீரைகளில் இரும்புச்சத்து கொட்டிக் கிடக்கிறது என்று எழுதுகிறார்கள். இலையை அளந்தால் வரும் எண் வேறு, ரத்தத்தில் சேருவது வேறு. கீரையில் உள்ள இரும்பை உடல் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலும் பாதகம். டீ விஷயத்தில் கென்யர்களும் நாமும் ஒன்றுதான். தக்காளி, எலுமிச்சை சேர்த்தால் கொஞ்சம் மேல். ரத்தசோகைக்குக் கீரை மட்டுமே மருந்து என்று நான் சொல்லமாட்டேன். அங்கே மலேரியாவும் குடற்புழுவும் ரத்தசோகைக்குக் காரணங்கள். மருத்துவமனையும் கொசுவலையும் செய்ய வேண்டிய வேலையைக் கீரைப் பாத்தியின் தலையில் கட்டக்கூடாது.

மதிப்பு கூடியதில் சங்கடமும் உண்டு. நைரோபி சூப்பர்மார்க்கெட்டுகளில் இப்போது இந்தக் கீரைகள் விற்கின்றன. 2021இல் யுனெஸ்கோ, பாரம்பரிய உணவு வழக்கங்களைக் காக்கும் கென்யாவின் முயற்சியை நல்ல முன்னுதாரணமாகத் தன் பதிவேட்டில் சேர்த்தது. சந்தோஷம்தான். ஆனால் கீரை வெகுகாலம் பெண்களின் பயிர். காசு வர ஆரம்பித்ததும் நிலமும் கணக்கும் ஆண்கள் கைக்குப் போவது விவசாயத்தில் பழைய கதை. வீட்டுக் குழந்தைக்கு என்று வளர்த்தது லாரி ஏறிவிட்டால் அந்தக் குழந்தை தட்டில் என்ன மிஞ்சும் என்று ஆய்வாளர்கள் கேட்டாக வேண்டும்.

நைரோபியிலேயே இன்னொரு தலைவலி. கிபேரா குடிசைப் பகுதியில் கோணிப்பையில் மண் நிரப்பி, பக்கவாட்டில் துளை போட்டுக் கீரை வளர்க்கிறார்கள். இடமில்லாதவர்களுக்கு அருமையான யோசனை. ஆனால் நகரில் சில இடங்களில் சாக்கடை நீர் பாய்ச்சியும் கீரை வளர்க்கிறார்கள். அந்தக் கட்டில் ஈயம் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று வாங்குபவருக்குக் கண்ணால் பார்த்துத் தெரியாது. சுத்தமான நீரில் வளர்ந்த கீரைக்கு ஒரு முத்திரையோ சான்றோ தருவது அரசாங்கம் செய்ய வேண்டிய காரியம். எந்தப் பேராசிரியரும் தனியாகச் செய்ய முடியாது.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.