தண்ணீர் விட்டால் கோபிக்கும் செடி

வணக்கம் நேயர்களே. இன்று ஒரு முள்ளுச் செடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிசிலியில், அதுவும் பலெர்மோவில் இருப்பவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆடி வெயிலில் காய்ந்து கிடக்கும் பழைய மதிலில், மண்ணே இல்லாத வெடிப்பிலிருந்து பச்சைப் பசேலென்று தொங்குமே, அதன் இனம்தான். இங்கே கப்பெரோ என்பார்கள். உணவகச் சமையலறையில் வேலை செய்தவர்கள் அதன் மொட்டை உப்பிலிருந்து எடுத்து அலசியிருப்பீர்கள். ஆமாம், நாம் சாப்பிடுவது காயை அல்ல, விரியாத பூமொட்டை.

ஊரில் இதற்கு ஒரு சொந்தக்காரி உண்டு: ஆதொண்டை. எங்கள் வளவு வேலியில் ஏறிக் கிடந்தது. அதன் கொக்கி முள் சட்டையைப் பிடித்தால் விடாது. அம்மம்மா அந்தக் காயை வற்றல் போடுவார். பூவும் ஒரே சாயல்தான்: நான்கு வெள்ளை இதழ், நடுவில் பூனை மீசைபோல நீண்ட கேசரங்கள். கப்பெரோ பூ பின்னேரம் விரிந்து, மறுநாள் வெயில் ஏறும்போது வாடிவிடும்.

சரி, முள்ளுக்கு வருகிறேன். மதிலிலும் கடலோரப் பாறையிலும் தொங்குவதில் முள் அநேகமாகக் கிடையாது. பந்தெல்லேரியா, சலீனா தீவுகளில் நட்டு வளர்ப்பதும் அப்படிப்பட்டதுதான். பறிக்கிற கை பாவம் அல்லவா? முள்ளு வகை சிசிலியின் உள்பகுதியில், களிமண் மேடுகளில் நிற்கிறது. ஒவ்வோர் இலைக்காம்பின் அடியிலும் இரண்டு வளைந்த முள். அதை யாரும் ஆசைப்பட்டு வளர்ப்பதில்லை. எனக்கு ஆதொண்டை ஞாபகமோ என்னவோ, அதுதான் வேண்டுமென்று பிடிவாதம்.

ஒரு பழம் கொண்டுவந்தேன். விதைகளைக் காயவைத்துக் கடதாசியில் மடித்து, பங்குனியில் சாடியில் போட்டேன். ஒன்றும் வரவில்லை. காய்ந்த விதை கல்லாகி உறங்கிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மறுவருடம் புதுப் பழத்திலிருந்து போட்டதில் நான்கு முளைத்தன. சந்தோஷத்தில் காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். நான்கும் அழுகிப் போயின. கீழ்வீட்டுக் கிழவி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "மகனே, அது செடி. நீ வாத்து வளர்க்கிறாய்" என்றார்.

அவர்தான் வழி சொன்னார். பழம் வெடித்ததும், எறும்பு இழுத்துக்கொண்டு போவதற்கு முன் விதையை எடு. ஈரக் களிமண்ணில் உருட்டி மதில் வெடிப்பில் அழுத்து. அப்புறம் மறந்துவிடு. அவருடைய தகப்பனார் நாணல் குழாயில் விதையை வைத்து வெடிப்புக்குள் ஊதுவாராம். புரட்டாசியில் நானும் அழுத்தினேன், மறக்கத்தான் முடியவில்லை. தினமும் போய்ப் பார்த்தேன். இரண்டாவது வசந்தத்தில் ஒரு முளை. இன்று அது என் உயரத்துக்குத் தொங்குகிறது.

ஆகவே தண்ணீர் விடாதீர்கள். சாடியில் வளர்ப்பவர்கள் ஆழமான சாடி, சரளைக்கல் கலந்த மண், நாள் முழுக்க வெயில், இவ்வளவும் கொடுங்கள். முதல் வருடக் கன்றுக்கு மட்டும் கொஞ்சம் தண்ணீர். வேர் கீழே இறங்கிய பிறகு? விடாதீர்கள்!

குளிர்காலத்தில் இலை கொட்டியதும் கிளைகளை அடிக்கட்டை வரை வெட்டுங்கள். மனம் கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள். மொட்டு புதுத் தளிரில்தான் வரும். வைகாசியிலிருந்து எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில், குனிந்து பறிக்க வேண்டும். சின்ன மொட்டுக்கே விலை அதிகம். பந்தெல்லேரியா மொட்டுக்கு 1996இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பே கிடைத்திருக்கிறது. அந்த முதுகுவலிக்கு அது போதுமா என்று தெரியவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடமாம். பூச்சியைப் பற்றி விரிவாகச் சொல்ல வந்தேன். கடுகுக் காரம் இதிலும் இருப்பதால் கோவா என்கிற முட்டைக்கோசைத் தின்னும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் வரும், கறுப்பில் செம்மஞ்சள் புள்ளி போட்ட நாவாய்ப்பூச்சியும் வரும். விடியலில் அசையாமல் இருக்கும்போது பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். உப்பிடுவது இன்னும் சுருக்கம்: கல்லுப்பில் புரட்டி, பத்து நாள் தினமும் கிளறி, ஊறிய நீரை வடித்துவிட்டு மறுபடி புது உப்பு. வெயிலில் வைக்க வேண்டாம். சமைக்கும் முன் நன்றாக அலசுங்கள். வணக்கம்.