ஆதர்டன்ல ஒரு வீடு ஏன் 55 கோடி ரூபாய்?

வணக்கம் மக்களே! ஸ்கிரீன்ல இருக்கிற மேப்பை பாருங்க, அமெரிக்காவோட கலிஃபோர்னியா மாநிலத்துல, சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேவுக்கும் நடுவுல, ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டிக்கு பக்கத்துல மரமா மண்டிக் கெடக்குதே, அதான் ஆதர்டன். 2020 சென்சஸ் படி 7,188 பேர். 2021ல இங்க வித்த வீடுகள்ல சரிபாதி 74 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு மேல போச்சு, அப்போதைய ரேட்ல சுமார் 55 கோடி ரூபாய். குடும்ப வருமானம் எவ்வளவுன்னு சென்சஸ்ல தேடினா "2,50,000 டாலருக்கு மேல"ன்னு மட்டும்தான் போட்டிருக்கும், ஏன்னா அவங்க டேபிள்ல அதுக்கு மேல கட்டமே கிடையாது.

கூகுள், ஃபேஸ்புக் பணம்தான் காரணம்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது பாதிதான் உண்மை. மீதி பாதி ஊர் போட்டு வெச்சிருக்கிற சட்டம். பெரும்பாலான இடத்துல ஒரு மனைன்னா குறைஞ்சது ஒரு ஏக்கர் இருக்கணும், அதாவது நூறு சென்ட், அதுல ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. கடை கண்ணிக்கு இடமே ஒதுக்கல, பால் வாங்கணும்னா கூட பக்கத்து ஊருக்கு போகணும். இருந்த ரயில்வே ஸ்டேஷனையும் 2020 டிசம்பர்ல மூடிட்டாங்க.

இப்ப மேப்பை கொஞ்சம் நகர்த்துறேன். ஆதர்டனை ஒட்டியே நார்த் ஃபேர் ஓக்ஸ். ஆதர்டன் சுமார் 5 சதுர மைல்ல 7,000 பேர், இங்க சுமார் 1.2 சதுர மைல்ல 14,000 பேர், பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்த குடும்பங்க. அதே வெயில், அதே மண்ணு, எல்லைக்கோட்டை தாண்டினா சட்டம் மாறுது, அதோட ஜனங்களும் மாறிடுறாங்க. எனக்கு இதுல ரொம்ப உறுத்துறது இதுதான்.

அடுத்தது வரி. 1978ல கலிஃபோர்னியாவுல வந்த ப்ரொபோசிஷன் 13ங்கிற சட்டத்துப்படி, வீட்டு வரியோட அடிப்படை 1 சதவீதம், வரிக்கு கணக்கு எடுக்கிற மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏறாது. ஒருத்தர் 1980ல 5 லட்சம் டாலருக்கு வாங்கினார்னு வெச்சுக்கோங்க, 45 வருஷம் கழிச்சும் அந்த மதிப்பு 12 லட்சம் சொச்சம்தான், வரி சுமார் 12,000 டாலர், அதே தெருவுல புதுசா 75 லட்சத்துக்கு வாங்கினவர் 75,000 கட்டுவார். அப்புறம் பழைய ஆளு எதுக்கு வீட்டை விக்கப்போறாரு சொல்லுங்க? விக்கிற வீடு குறைச்சல், அதான் விலை இன்னும் ஏறுது.

மாநில அரசு சும்மா இல்ல. 2023லேர்ந்து 2031க்குள்ள 348 வீட்டுக்கு வழி பண்ணுங்கன்னு ஊருக்கு கணக்கு குடுத்துச்சு. உடனே எதிர்ப்பு. அமெரிக்கா நிறைய கட்டணும்னு 2020ல கட்டுரை எழுதின முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசன், அடுக்கு வீடு வரவே கூடாதுன்னு 2022ல ஊர் கவுன்சிலுக்கு எழுதினார். கூடைப்பந்து வீரர் ஸ்டீஃபன் கர்ரியும் அவர் மனைவியும், வீட்டுக்கு பின்னாடி டவுன்ஹவுஸ், அதாவது ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டுற வீடுகள் வந்தா பாதுகாப்பு, பிரைவசி போயிடும்னு 2023 ஜனவரில கடிதம் குடுத்தாங்க. குழந்தைகளை வெச்சிருக்கிற பிரபலத்தோட பயம் எனக்கு புரியுது, ஆனா அந்த ஊர் பள்ளிக்கூட டீச்சர், தோட்டக்காரர், போலீஸ்காரர் எல்லாம் எங்க குடியிருப்பாங்க?

அந்த 348 கணக்கை காட்ட ஊர் பெருசா நம்பினது, இருக்கிற வீட்டுத் தோட்டத்துலயே கூடுதலா கட்டுற சின்ன வீடுகளை. அதை வெளியாளுக்கு வாடகைக்கு விட்டே ஆகணும்னு பொதுவா கட்டாயம் கிடையாது, மாமனார் மாமியாரை தங்க வெச்சாலும் வீட்டு கணக்குல ஒண்ணு ஏறிடும். அதனால 348ங்கிற நம்பரை விட, அதுல எத்தனை நெஜமா வாடகைக்கு வருதுன்னு பாருங்க.