எச்.ஐ.வி.யிடம் கத்தரிக்கோல் கிடையாது

வணக்கம் மக்களே. கையில் என்ன வைத்திருக்கிறேன் தெரிகிறதா? ஜவ்வு மிட்டாய். கம்பின் உச்சியில் பொம்மையை வைத்துக்கொண்டு கை தட்டவைப்பாரே, அவரிடம் வாங்கியது. வாட்ச் கட்டிவிடட்டுமா என்று கேட்டார், அந்த வயதெல்லாம் போய்விட்டது அண்ணே, உருண்டையாகவே கொடுங்கள் என்று வாங்கி வந்தேன். இந்த வெயிலுக்கு வீடியோ முடிவதற்குள் உருகிவிடும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வீடியோவில் எச்.ஐ.வி. நம் செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்று பார்த்தோம். இன்றைக்கு அது வெளியே வருகிற கதை. எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

முதலில் ஒரு கணக்கு. எச்.ஐ.வி.யிடம் இருப்பது மொத்தம் 9 மரபணுக்கள். நம்மிடம் புரதம் செய்கிற மரபணுக்கள் மட்டும் ஏறக்குறைய 20,000. ஒன்பதை வைத்துக்கொண்டு ஒரு புது வைரஸைக் கட்டி, மூடி, வெளியே அனுப்ப வேண்டும் என்றால் எப்படி? எங்கள் ஆச்சி பந்தியில் யாராவது அடுத்தவர் செலவில் தாராளம் காட்டினால் "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பார். அதேதான் இங்கே நடக்கிறது.

வைரஸின் செங்கல் என்று பார்த்தால் காக் என்ற ஒரே புரதம். ஒரு வைரஸ் துகளுக்கு 2,000க்கு மேற்பட்ட காக் தேவை. அதைச் செய்து தருவது நம் ரைபோசோம். செய்தவுடன் நம் என்சைம் ஒன்று வந்து அதன் நுனியில் மிரிஸ்டிக் அமிலம் என்ற கொழுப்பு வாலை ஒட்டிவிடுகிறது. அந்த வால் இருந்தால்தான் காக் போய் செல்லின் வெளிச்சவ்வில் ஒட்டும். மிரிஸ்டிக் என்ற பெயரே ஜாதிக்காயிலிருந்து வந்தது, தேங்காய் எண்ணெயிலும் அந்த அமிலம் இருக்கிறது. உடனே தேங்காய் எண்ணெயை நிறுத்தலாமா என்று கேட்காதீர்கள், செல் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும்.

சரி, இப்போது மிட்டாயைப் பாருங்கள். இது செல்லின் சவ்வு. காக் புரதங்கள் உள்பக்கமாக வந்து ஒட்டி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, சவ்வை வெளியே தள்ளுகின்றன. 5 முதல் 10 நிமிடத்துக்குள் ஒரு மொட்டு உருவாகிவிடும், இதோ இப்படி. உருண்டை வந்துவிட்டது, ஆனால் கீழே ஒரு கழுத்து இன்னும் செல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். அதை அறுக்க வேண்டும்.

மிட்டாய்க்காரர் என்ன செய்வார்? இரண்டு விரலால் வெளியிலிருந்து நெரித்துத் திருகிவிடுவார். செல்லும் வெளியிலிருந்து பொருளை உள்ளே இழுக்கும்போது அப்படித்தான் செய்யும், டைனமின் என்ற புரதம் கழுத்தைச் சுற்றி வளைத்து நெரிக்கும், மூட்டை வாயைக் கயிறு போட்டுக் கட்டுவது மாதிரி. ஆனால் வைரஸுக்கு அது உதவாது. ஏனென்றால் மொட்டு வெளிப்பக்கம் இருக்கிறது, அறுக்கிற ஆள் செல்லுக்குள்ளே இருக்கிறார், கயிறு போட வேண்டிய இடமோ செல்லுக்கு வெளியே. அதாவது மூட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு அதன் வாயை உள்ளிருந்தே கட்ட வேண்டும். முயற்சி செய்து பாருங்கள், என்னால் முடியவில்லை, விரலெல்லாம் பிசுபிசு.

1991லேயே ஒரு விஷயம் தெரிந்திருந்தது. காக்கின் வால்பகுதியான பி6ஐக் கெடுத்துவிட்டால் வைரஸ் முழுதாக உருவாகும், ஆனால் செல்லை விட்டுப் போகாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் காம்போடு பழம் தொங்குகிற மாதிரி இருக்கும். அந்த வாலில் முக்கியமானது நான்கே நான்கு அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தை எழுதுகிற எழுத்துகள்: புரோலின், திரியோனின், அலனின், புரோலின். நான்கு எழுத்தை வைத்து ஒரு வைரஸ் எப்படித் தன் கழுத்தை அறுக்கும்?

அறுக்காது, ஆளைக் கூப்பிடும். 2001ல் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் வெஸ்லி சன்ட்குவிஸ்ட் குழு கண்டுபிடித்தது இதைத்தான்: அந்த நான்கு எழுத்து டிஎஸ்ஜி101 என்ற நம் சொந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. செல்லில் அந்தப் புரதத்தைக் குறைத்ததும் வைரஸ் வாசலிலேயே மாட்டிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்காட் எம்ர் குழு, ரொட்டியை உப்பவைக்கிற ஈஸ்ட்டில், அதே புரதத்தின் பங்காளி ஒன்று செல்லின் குப்பையைப் பிரிக்கும் வேலையில் இருப்பதைக் காட்டியது. இந்தக் கூட்டத்துக்கு எஸ்கார்ட் என்று பெயர். செல்லுக்குள் வேண்டாத சவ்வுப் புரதங்களைச் சின்னச் சின்னப் பைகளாகக் கட்டி அழிக்க அனுப்புவது அதன் அன்றாட வேலை. அந்தப் பைகளின் கழுத்தையும் உள்ளிருந்துதான் அறுக்க வேண்டும்!

எனக்குப் புல்லரித்த இடம் அடுத்தது. இயல்பாக டிஎஸ்ஜி101ஐ அழைப்பது எச்ஆர்எஸ் என்ற நம் புரதம். அது அழைக்கிற குறிச்சொல் என்ன தெரியுமா? புரோலின், செரின், அலனின், புரோலின். ஒரே ஒரு எழுத்து மாற்றம். முதலாளி குரலில் பேசி வேலையாளை வரவழைக்கிற மாதிரி, எச்.ஐ.வி. அப்படியே மிமிக்ரி செய்கிறது. எபோலா வைரஸின் விபி40 புரதத்திலும் எச்.ஐ.வி.யின் அதே நான்கு எழுத்து இருக்கிறது, இத்தனைக்கும் இரண்டும் வேறு வேறு குடும்பம்.

அழைப்பைக் கேட்டு டிஎஸ்ஜி101 வரும், பக்கத்தில் ஏலிக்ஸ் என்ற இன்னொன்றும் வரும், அப்புறம் கழுத்தின் உட்புறத்தில் எஸ்கார்ட்-3 புரதங்கள் சுருள் கம்பி மாதிரி வளைந்து வளைந்து கோத்துக்கொண்டு கழுத்தைக் குறுக்கும். விபிஎஸ்4 என்ற என்சைம் செல்லின் எரிபொருளான ஏடிபியை எரித்து அந்தச் சுருளைக் கழற்றி இழுக்கும். கழுத்து அறுந்துவிடும். வைரஸ் போயே போய்விட்டது. அதைச் சுற்றியிருக்கும் உறைகூட நம் செல்லின் சவ்வுதான்.

போன முறை பலர் கேட்டது, நம் புரதத்தைத்தான் பயன்படுத்துகிறது என்றால் அந்தப் புரதத்தை மருந்து கொடுத்து நிறுத்திவிடலாமே என்று. நல்ல கேள்வி, நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 2007ல் தெரிந்தது, நம் செல் இரண்டாகப் பிரியும்போது கடைசியில் மிஞ்சுகிற மெல்லிய பாலத்தை அறுப்பதும் இதே எஸ்கார்ட்தான். அதை நிறுத்தினால் செல் பிரிவதே தடுமாறும். திருடன் நம் வீட்டு அரிவாள்மனையை எடுக்கிறான் என்பதற்காக அதைக் கிணற்றில் போட்டுவிட்டு எதில் காய் நறுக்குவது?

அதனால் பெரும்பாலான மருந்துகள் வைரஸின் பக்கத்தையே குறிவைக்கின்றன. லெனகாபவிர் என்ற ஊசி மருந்து, 6 மாதத்துக்கு ஒருமுறை போடுவது, 2022ல் அமெரிக்காவில் சிகிச்சைக்கும் 2025ல் தடுப்புக்கும் அனுமதி பெற்றது. அது வைரஸின் மரபுப்பொருளை மூடியிருக்கும் கேப்சிட் என்ற புரத ஓட்டில் ஒரு பள்ளத்தில் போய் உட்காருகிறது. அந்தப் பள்ளம் எதற்கு என்று பார்த்தால், உள்ளே நுழைந்த வைரஸ் நம் சிபிஎஸ்எஃப்6, நூப்153 என்ற புரதங்களைப் பிடித்துக்கொள்கிற இடம்! நம் புரதத்தைத் தொடாமல், பிடிக்கிற கையை அடைத்துவிட்டார்கள்.

மிட்டாய் உருகி மேசையெல்லாம் ஒட்டிவிட்டது, அம்மா பார்ப்பதற்குள் துடைக்க வேண்டும். அடுத்த வாரம் ஃப்ளூ வைரஸ். அது இந்த எஸ்கார்ட் கூட்டத்தைக் கூப்பிடுவதே இல்லை, தன் எம்2 புரதத்தை வைத்துத் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு போகிறது.